மஞ்சளில் நின்ற கொடி

ரப்பர் பூட்ஸ் வாங்குகிறவர்கள் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்க வேண்டும், ஐயா. கடைக்காரன் காலுக்குக் கச்சிதமாகப் போட்டுக் காட்டுவான், நடந்து பார்க்கச் சொல்வான், நன்றாகத்தான் இருக்கும். சதுப்பில் இறங்கினால்தான் விஷயம் தெரியும். அடியில் பிடித்துக்கொண்டால் காலை உருவி எடுக்க உள்ளே இடம் வேண்டும். பூட்ஸ் போனால் போகட்டும், கால் வந்தால் சரி. ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வந்தவன் இதிலிருந்து ஆரம்பிக்கிறானே என்று உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நடந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப யோசித்ததில், என் தவறு என்று எனக்கு நிச்சயமாகப் படுவது இது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் காரணம் இருந்தது.

நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் ஏட்டு தட்டச்சு செய்ய நேரம் வேண்டுமே. அச்சு இயந்திரத்தில் மை தீரப்போகிறது, மூலம் போக இன்னொரு பிரதி வந்தாலே பெரிசு என்று அவர் முனகியதும் காதில் விழுந்தது. அதனால் வளவளவென்று பேசமாட்டேன்.

என் பெயர் பிரஸ்தோவோ. எங்கள் குடும்பம் ஜாவாவிலிருந்து கலிமந்தானுக்குக் குடியேறியபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. நெல் விளையும் என்று சொல்லிக் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள். நெல் விளையவில்லை. அப்பா அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே கிழவரானார், நான் அதே வாய்க்கால் தண்ணீரைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினேன். நான் வேலை பார்க்கும் ரியாக் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் இந்தத் தீவின் பூர்வகுடிகளான டாயாக் மக்கள். ஜாவாக்காரன் என்பதால் என்னை ‘மாஸ்’ என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். குறிப்பில் டாக்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள், பேச்சில் மாஸ் போதும்.

நீங்கள் சுமத்ராவில் மேடான் பக்கத்துக்காரர் என்றார்கள். அதனால் எங்கள் கரிமண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே காலுக்கடியில் இருப்பது உண்மையில் மண்ணே இல்லை. விழுந்த மரமும் இலையும் வேரும் மக்காமல், ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீரில் ஊறிக் கிடந்து சேர்ந்தது. ஈரமாக இருக்கும்வரை பரம சாது. தண்ணீரை வடித்துவிட்டால் அதுவே விறகு. தீப்பிடித்தால் வெளியே சுடர் தெரியாது, அடியிலேயே கனிந்துகொண்டு போகும். மேலே புல் பச்சையாக நிற்கும், கீழே குடைந்துபோயிருக்கும். அடுத்த நாட்டு ஜனங்கள் மூச்சுத் திணறி நம்மைத் திட்டுவது இந்தப் புகைக்காகத்தான்.

பூமியில் சில பெரிய சங்கதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில்லை. துருவத்துப் பனி, மழைக்காடு, கடலுக்குள் ஓடும் நீரோட்டம், இந்தக் கரிமண், எல்லாம் ஒரே ஜாதி. தாங்கும், தாங்கும், ஒருநாள் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் பிறகு நிமிராது. ஆனால் கவிழ்வதற்கு முன்னால் ஓர் அறிகுறி காட்டும் என்கிறார்கள். அடி வாங்கியபின் எழுந்து நிற்க எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். வயதானவருக்குச் சளி பிடித்தால் தேறுவதற்கு நாளாவதில்லையா, அது மாதிரி. நான் கரிமண்ணில் வரிசையாகக் குழாய்களை இறக்கி, ஒரு வெயிலுக்கும் ஒரு மழைக்கும் பிறகு உள்ளே நீர்மட்டம் பழைய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து வந்தேன். தலைமுடி நரைத்ததே இந்த வேலையில்தான்.

அறிகுறியைப் பார்த்தவர்கள் பலர். கருவி நட்டு வைத்த இடத்தில், முதலிலிருந்து முடிவுவரை, கவிழ்வதைப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. ஏன் தெரியுமா, ஐயா? அறிகுறி தெரிந்ததும் நல்லவர்கள் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். வரைபடம் பாதிக் கோட்டோடு நின்றுவிடுகிறது. அறிகுறி சொன்னது நிஜமா, வெறும் பயங்காட்டலா என்று தெரியாமலே போகிறது. பாதிக் கோட்டைக் காட்டினால் மந்திரிகள் கொட்டாவி விடுகிறார்கள், நான் நேரில் பார்த்திருக்கிறேன். முழுக் கோடு ஒன்று இருந்தால் எத்தனை காட்டைக் காப்பாற்றலாம், எத்தனை குழந்தைகளைப் புகையிலிருந்து மீட்கலாம். இதை நான் எந்தப் பெரிய மனிதரிடமும் விளக்க வேண்டியிருந்ததில்லை, எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஊர்ப் படகுத்துறையில் ஒரு கொடிக்கம்பம் நட்டது நான்தான். பச்சை என்றால் எங்கும் போகலாம். மஞ்சள் என்றால் கவனம்: காட்டுக்குள் போகலாம், ஊர் வழக்கப்படி ஆட்களைச் சுற்றி நிறுத்திச் சின்னத் துண்டு நிலத்தைக் கொளுத்தலாம். சிவப்பு என்றால் ஒருவரும் ஆற்றங்கரையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. நகரத்திலிருந்து தீயணைப்பு ஆட்கள் பம்புகளோடு வந்து நிலம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். எந்தக் கொடி பறக்க வேண்டும் என்பதை என் குழாய்களைப் பார்த்து நான் சொல்வேன். மெரிசோன் ஏற்றுவான்.

மெரிசோன் என் உதவியாள். உங்கள் லாக்கப்பில் இருக்கிறானே, அவன்தான். உதவியாள் என்பது சம்பளப் பட்டியலில் இருப்பது. என் அப்பா இறந்தபோது குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். அவன் மனைவி நோர்லி. மகள் பெயர் லென்சி, அதனால் ஊருக்கு அவர்கள் லென்சிப்பாவும் லென்சிம்மாவும். அங்கே பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் பெயர் மறைந்துவிடும். நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கல்யாணம் ஆகாதவனுக்கு என்ன மரியாதை தெரியும் என்பாள் நோர்லி.

அவளுக்கு வாய் அதிகம். நான் ஒரு வருடம் சிவப்பு ஏற்றச் சொன்னேன், இரண்டாம் நாளே மழை கொட்டியது. அடுத்த வருடமும் அதே கதை. துறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“என்ன மாஸ், உங்க கொடிக்கு அடிக்கடி காய்ச்சல் வருது? ரெண்டு வருசமா செவப்பு. ஒரு சிகரெட்டு நெருப்புகூடக் காணோம். நாங்க காட்டுக்குள்ள போகாததால எங்க குளத்து மீனையெல்லாம் கொக்கு தின்னு கொழுத்துப்போய்ப் பறக்க முடியாம நிக்குது.”

“எச்சரிக்கைதானே நோர்லி. வந்த பிறகு அழறதுக்கு வராம இருக்கறது மேல்.”

“அப்ப கொக்குகிட்ட ஒரு நன்றி வாங்கிக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் கொடியை மதித்தார்கள். அந்த மதிப்பைச் சம்பாதிக்க எனக்கு வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் அவர்கள் வெறுங்காலில் நடந்தவர்கள். தரை சுட்டால் காலுக்குத் தெரியும், திரும்பிவிடுவார்கள். பாம்புக்கும் முள்ளுக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எங்கள் ஆய்வுத் திட்டத்தில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தோம். நோர்லிக்குப் பெரிதாகத்தான் முதலில் கொடுத்தேன்.

“மாஸ், இதைப் போட்டா நான் வாத்து. ஊரே பின்னால க்வாக் க்வாக்னு கத்திக்கிட்டு வருது. சின்னதா மாத்திக் குடுங்க.”

மாற்றிக் கொடுத்தேன். பிடிப்பாக, அழகாக இருந்தது. அன்று மாலை பிரம்பங்குருத்துக் குழம்பும் வாட்டிய விராலும் போட்டாள். அந்தக் குழம்பின் கசப்பு எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது, பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. இப்போது நகரத்து ஓட்டல்களில் கேட்டுப் பார்க்கிறேன், அந்த ருசி வரவில்லை.

சரி, செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வடியாமலிருக்க மரத் தடுப்பு இருக்கிறது. நடுவில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருக்கும். கோடை தொடங்கியபோது நான் தனியாகப் படகில் போய் அடிப்பலகைகள் இரண்டை உருவினேன். மேல்பலகைகள் அப்படியே இருந்தன. பார்க்கிறவர்களுக்குத் தடுப்பு நன்றாகத்தான் தெரியும், தண்ணீர் அடியில் போய்க்கொண்டிருக்கும். உருவிய பலகைகளைக் கரையோரப் புதரில் வைத்தேன், அங்கேயே இருக்கின்றன, ஆள் அனுப்பிப் பார்க்கலாம். இதற்கு முன் யாரும் இதைச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கோடை தானாகவே கொடுமையாகத்தான் இருந்தது. நான் கொஞ்சம் கைகொடுத்தேன்.

தண்ணீர் இறங்க இறங்க மெரிசோனுக்குக் கவலை.

“மாஸ், இந்த வருசம் வானம் படு கஞ்சப்பய. ஆனாலும் இவ்ளோ வேகமா எறங்காதே. தடுப்புல ஓட்டை கீட்டை விழுந்திருக்குமோ? நான் முங்கிப் பாத்துட்டு வரட்டா?”

“நான் போன வாரம் பாத்துட்டேன், மெரிசோன். நல்லாத்தான் இருக்கு.”

“நீங்க பாத்தா சரி.”

அவனோடு எனக்கு இருந்த பழக்கத்தில், நான் பார்த்துவிட்டேன் என்றால் அவன் மறுபடி பார்க்கமாட்டான். வேலை அப்படித்தான் ஓடியது. யாராவது ஒருவர் பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டால்தான் அவ்வளவு பெரிய சதுப்பை இரண்டு பேர் அளக்க முடியும்.

கோடு நான் எதிர்பார்த்தபடியே வந்தது. நடுவில் ஒரு தூறல் விழுந்தது. நீர்மட்டம் எழப் பார்த்தது, முடியவில்லை, பாதியில் நின்றது. அடுத்த தூறலுக்கு அதுவும் இல்லை. அன்று என் அறையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் நான் சொல்லி வந்தது பொய்யில்லை என்று மண் சொன்னது.

அப்போதே கொடியைச் சிவப்பாக்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் சிவப்புக்கான எல்லையைத் தாண்டி வெகு கீழே போய்விட்டது. சிவப்பு ஏற்றினால் பம்புகள் வரும், தண்ணீர் பாய்ச்சுவார்கள், மறுபடி பாதிக் கோடு. எனக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் தேவைப்பட்டது. ஏற்கெனவே இரண்டு முறை வெறும் சிவப்பு ஏற்றிச் சிரிப்பாய்ச் சிரித்தாயிற்று. மூன்றாவதும் பொய்த்தால் கொடியையே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான வாதம், ஐயா. கூட்டங்களில் எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கொடி மஞ்சளில் நின்றது. மெரிசோன் என்னிடம் வந்து கேட்டான்.

“மாஸ், வீட்டுக்குப் பின்னால அந்தத் துண்டு நிலத்தைக் கொளுத்தலாம்னு இருக்கேன். மஞ்சள்தானே?”

“மஞ்சள்தான்.”

அவன் முறைப்படிதான் செய்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு சுற்றி நின்றார்கள். காற்று பார்த்து வைத்தான், மதியத்துக்குள் அணைத்தான், சாம்பல்மேல் குடம் குடமாக ஊற்றினான். மஞ்சளுக்கு உரிய ஈரம் நிலத்தில் இருந்திருந்தால் அந்தத் தீ முழ ஆழத்தில் செத்திருக்கும். ஈரம் இல்லை. அது கீழே போய்விட்டது. அவனுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு நாளில் தெரிந்தது, ஏனென்றால் குழாய்களில் வெப்பமானியும் உண்டு. முதலில் மூன்றாம் குழாயில் சூடு ஏறியது, பிறகு ஐந்தாம் குழாயில். காட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. புகை மிகக் கொஞ்சம். அந்தச் சமயத்தில் எங்கும் புகை வாசனைதான், யாரும் பொருட்படுத்தவில்லை.

காட்டுக்குள் குடும்பத்துக்கு ஒன்றாகக் குளம் வெட்டி வைத்திருப்பார்கள், பேஜே என்பார்கள். வெள்ளத்தில் மீன் ஏறும், வெள்ளம் வடிந்ததும் மாட்டிக்கொள்ளும். கோடை முற்றும்போது போய்த் தண்ணீரை இறைத்து அள்ளுவார்கள். விரால், பனையேறி, கெளுத்தி. காயவைத்தும் ஊறவைத்தும் அடுத்த வெள்ளம்வரை சாப்பிடுவார்கள். நாள் தள்ளினால் குளம் வற்றி மீன் செத்துவிடும். மெரிசோன் குடும்பத்துக் குளத்துக்குப் போகும் தடத்தில்தான் என் ஏழாம் குழாய். அதன் பக்கத்தில் தரை எவ்வளவு தாழ்கிறது என்று விடாமல் அளக்கும் கருவி ஒன்றும் வைத்திருந்தேன். அந்த மாதிரிக் கருவி நாட்டிலேயே சிலதான் இருக்கும்.

அன்று காலையில் ஏழாம் குழாய் சூடாகியிருந்தது.

கருவிகளுக்குப் பாட்டரி வாங்கிவர மெரிசோனை முதல் படகிலேயே நகரத்துக்கு அனுப்பினேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் அவனும் குளத்துக்குப் போயிருப்பான். அவன் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான்.

நான் துறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நோர்லியும் லென்சியும் கூடை, வாளி, வலையோடு வந்தார்கள். லென்சி என்னை மாமா என்பாள். அந்த வருடம்தான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள், விடுமுறைக்கு வந்தவள்.

“மாமா, நீங்களும் வாங்க. போன தடவை வழுக்கி விழுந்து விரால் மேலயே உக்காந்தீங்களே, அந்த விரால் இன்னும் உங்களையே நெனச்சுக்கிட்டிருக்கு.”

“எனக்கு வேலை இருக்கும்மா.”

நோர்லி கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பொகை வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு மாஸ். மஞ்சள்தானே? போலாமில்ல?”

நான் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். “மஞ்சள்தான்” என்றேன்.

அது பொய் இல்லை. கொடி மஞ்சளாகத்தான் இருந்தது.

“சாயந்தரம் சாப்பிட வந்துருங்க. வரலேன்னா தட்டை அனுப்பமாட்டேன், சொல்லிட்டேன்.”

படகு போனது. புகை தெரிந்தால் அவர்களே திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்படித்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், அதனால் திருத்திக்கொள்கிறேன்: அப்படி நான் நினைக்கவில்லை. நினைத்ததாகப் பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அன்று நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

குளத்துக்குப் போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மீனைப் பிடித்துத் திரும்பும்போதுதான். கூடை நிறைந்திருந்தது, எடை கூடியிருந்தது. ஏழாம் குழாய்க்குப் பக்கத்தில் தரை நோர்லிக்குக் கீழே உள்வாங்கிவிட்டது. தொடைவரை இறங்கினாள். அடியில் முழுக்கக் கங்கு. லென்சி பின்னால் வந்தவள், குப்புறப் படுத்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்திருக்கிறாள். வெறுங்காலாக இருந்தால் நோர்லி மேலே வந்திருப்பாள் என்பது என் அபிப்பிராயம். வெறுங்காலாக இருந்தால் அங்கே போயிருக்கவும் மாட்டாள், பத்தடி முன்னாலேயே கால் சொல்லியிருக்கும். ரப்பர் உருகிக் காலோடு ஒட்டிக்கொண்டு அடியில் வேரிலும் பிடித்துக்கொண்டது.

கூச்சல் கேட்டு அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். துறைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் படகு வருவதற்குள் போய்விட்டாள்.

லென்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் கொப்புளம்.

“பூட்ஸ் கழலல மாமா. நான் இழுத்தேன். பூட்ஸ் கழலவே இல்ல. நான் நல்லாத்தான் இழுத்தேன் மாமா.”

அப்போது எனக்கு அழுகை வந்தது. சொல்வதற்குக் கூச்சமில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊர் பார்த்தது. மாஸ் எங்கள் வீட்டு மனிதர் என்று இழவு வீட்டில் பலர் சொன்னார்கள். சவப்பெட்டியைத் தூக்கும்போது எனக்கும் ஒரு முனை கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தீ எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தது. மெரிசோன் தானாகவே கையைத் தூக்கினான். அவன் கொளுத்தியதுதான் என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி என்னிடம் நிபுணர் கருத்துக் கேட்டார். தீயின் தொடக்கம் அந்தத் துண்டு நிலம்தான் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

லாக்கப்பில் அவனைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தான். சிகரெட் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டான், பற்றவைக்கவில்லை. நெருப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றான்.

“மாஸ், ஒண்ணு கேக்கறேன். நீங்க படிச்சவர், எனக்காகப் பூசி மெழுகாதீங்க. என் தீதானா?”

“உன் தீதான், மெரிசோன்.”

“நல்லா அணைச்சேனே.”

“ஆமாம்.”

“அப்ப நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.” கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ஒன்று சொன்னான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “எப்படியோ, கொடி மேல தப்பில்லையே மாஸ். ஊர்ல நாலு பேர் கொடியைத் திட்டறாங்களாம், லென்சி சொன்னா. திட்ட வேணாம்னு சொல்லுங்க. தப்பு என்னோடது. கொடியை நம்பாமப் போயிட்டா நாளைக்கு இன்னொருத்தன் பொண்டாட்டி போவா.”

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன். லென்சி இப்போது அப்பாவைப் பார்க்க வருவதில்லை. அம்மாவைக் கொன்றவர் என்று அவளும் நம்புகிறாள். படிப்பையும் விட்டுவிட்டாள், கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுகிறேன், ஐயா. அடுப்பு எரியாத வீடு.

அதனால் வந்தேன். மெரிசோன் செய்யாத பாவத்தைச் சுமக்கக் கூடாது. தடுப்பைத் திறந்தவன் நான். கொடியை மஞ்சளில் நிறுத்தியவன் நான். ஏழாம் குழாய் சூடாகிவிட்டது என்று தெரிந்தே, போகலாமா என்று கேட்டவளைப் போகவிட்டவன் நான். என் சுயபுத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். இந்த வாக்கியத்தை எப்படி எழுத வேண்டுமோ அப்படி ஏட்டு எழுதிக்கொள்ளட்டும்.

ஏன் இத்தனை மாதம் கழித்து என்று கேட்கிறீர்கள். மழை பிடித்து, வாய்க்கால் நிறைந்து, எல்லாம் முடிந்த பிறகு ஏன் என்று. நியாயமான கேள்வி. மனசாட்சி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், அதிலும் பொய் இல்லை.

அந்த முழுக் கோட்டை வைத்து ஓர் ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. பரிசீலித்தவர்கள் இரண்டு பேர், முன்பின் தெரியாதவர்கள், நன்றாகப் படித்திருக்கிறார்கள். இப்படி ஒரு முழுக் கோட்டை இதுவரை பார்த்ததில்லை என்கிறார்கள். சந்தேகம் இரண்டே இரண்டு. நீர்மட்டம் இறங்கியது வறட்சியாலா, வாய்க்கால் திறந்ததாலா, அதற்கு ஆதாரம் உண்டா என்பது ஒன்று. இன்னொன்று, தரை தாழ்வதைக் காட்டும் கோட்டில், ஏழாம் குழாய்க்குப் பக்கத்தில், திடீரென்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, அது கருவிக் கோளாறா என்று கேட்கிறார்கள். கோளாறானால் அந்தக் குழாயின் பதிவு முழுவதையும் நீக்கிவிட வேண்டும் என்கிறார்கள். அதை நீக்கினால் கட்டுரையில் மிச்சம் ஒன்றுமில்லை.

கருவி சரியாகத்தான் வேலை செய்தது, ஐயா. அந்தப் பள்ளம் கோளாறு இல்லை. அது நோர்லி.

இதை நானே சொன்னால் எழுதியவன் சொல்கிறான் என்பார்கள். அரசாங்க முத்திரையோடு ஒரு வாக்குமூலம் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. அவள் போனதும் வீணாகப் போனதாக ஆகாது. கட்டுரையின் கடைசியில் அவள் பெயரை நன்றியோடு போட்டிருக்கிறேன், பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே மூலம் உங்களுக்குப் போக இரண்டு பிரதி வேண்டும். ஒன்று மெரிசோனுக்கு, அவன் தன் கண்ணால் படிக்கட்டும், மகளிடம் காட்டட்டும். இன்னொன்று எனக்கு.

ஏட்டு தலையை ஆட்டுகிறார். மை அவ்வளவு வராது போல. பரவாயில்லை, ஒன்றுதான் வருமென்றால் அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். மெரிசோனுக்கு யாராவது வாயால் சொன்னால் போதும். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவன் நம்புவான்.